ஹாம்ஸ்டர் கம்பியைக் கடிப்பது ஏன்?

ஹாம்ஸ்டர் வளர்க்கும் பல வீடுகளில் ராத்திரி விளக்கணைத்த பிறகு ஒரு சத்தம் தொடங்கும். கூண்டின் மூலையில் அந்தச் சின்னப் பிராணி பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும். முன்கைகளால் கம்பியைப் பற்றி, முன்பற்களுக்கு நடுவே கவ்வி, தலையை மேலும் கீழுமாக ஆட்டி ஆட்டிக் கடிக்கும். சற்று நிறுத்தும், சக்கரத்தில் ஏறி ஓடும், இறங்கி வந்து மறுபடி அதே மூலை, பெரும்பாலும் அதே கம்பி. நாளாக ஆக அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் உரிந்து இரும்பு தெரியும். சில பிராணிகளுக்கு மூக்கின் மேல் முடியும் தேய்ந்துபோகும். கேட்டால் கிடைக்கிற வழக்கமான விளக்கம் ஒன்றுதான்: பல் வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் தேய்த்துக்கொள்கிறது. எலி, அணில், ஹாம்ஸ்டர் போன்ற கொறிக்கும் பிராணிகளின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்கின்றன என்பது உண்மை. அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு நாம் கூண்டைப் பற்றி யோசிக்காமல் விட்டுவிடுகிறோம் என்பதுதான் சிக்கல்.

பல்தான் காரணம் என்றால், ஒரே வகைப் பற்களும் ஒரே தீனியும் உள்ள ஹாம்ஸ்டர்கள் எந்தக் கூண்டில் இருந்தாலும் ஏறத்தாழ ஒரே அளவுதான் கடிக்க வேண்டும். இதைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பளித்த ஆய்வு ஒன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் நடந்து, 2006-ல் வெளியானது. ஹவுசன்பெர்கரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 45 ஆண் ஹாம்ஸ்டர்களை மூன்று குழுவாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கூண்டில் வைத்தார்கள். கூண்டு எல்லாம் ஒரே அளவு. மாறியது ஒன்றே ஒன்று, தரையில் கொட்டிய மரச்சீவலின் ஆழம்: ஒரு குழுவுக்கு 10 சென்டிமீட்டர், இன்னொன்றுக்கு 40, மூன்றாவதுக்கு 80. மற்ற இரண்டு குழுக்களைவிட 10 சென்டிமீட்டர் குழு தெளிவாக அதிகம் கம்பியைக் கடித்தது. சக்கரத்தில் ஓடியதும் அதுதான் அதிகம். பல் மூன்று குழுவுக்கும் ஒன்றுதான். கடிப்பதைக் கூட்டியதும் குறைத்ததும் காலடியில் இருந்த ஆழம். இங்கே கவனிக்க வேண்டியது, கடைகளில் கிடைக்கும் சாதாரண ஹாம்ஸ்டர் கூண்டின் அடித்தட்டு எவ்வளவு உயரம் என்பது. பெரும்பாலானவற்றில் ஒரு சாண்கூட இருக்காது. ஆய்வில் மிக மோசமான நிலையாக வைக்கப்பட்ட 10 சென்டிமீட்டரை நிரப்பவே பல கூண்டுகளில் இடமில்லை.

கூண்டு போதாது என்றதும் எல்லாருக்கும் தோன்றுவது பெரிய கூண்டு வாங்கலாமே என்பது. அது தவறான யோசனையும் இல்லை. அதே பெர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து 2007-ல் வெளியான இன்னொரு ஆய்வில் 1,800, 2,500, 5,000, 10,000 சதுர சென்டிமீட்டர் என்று நான்கு தரைப்பரப்புகளில் பெண் ஹாம்ஸ்டர்களை வைத்துப் பார்த்தார்கள். சின்னக் கூண்டுகளில் இருந்தவை அதிக முறை, அதிக நேரம் கம்பியைக் கடித்தன. அவை தங்கள் மரக் குடிலின் கூரைமேலும் அதிகம் ஏறி நின்றன. தரை போதாதபோது கூரையையும் தரையாக்கிக்கொண்டன என்று அதைப் படிக்கலாம். ஆனால் அந்த ஆய்வின் இன்னொரு முடிவைப் பெரிய கூண்டு விற்பவர்கள் சொல்வதில்லை. ஒரு சதுர மீட்டர் தரை கிடைத்தவையும் கம்பியைக் கடித்தன, குறைவாகக் கடித்தன, அவ்வளவே. ஆக, பரப்பைக் கூட்டினால் தொல்லை குறைகிறது, தீர்வதில்லை. ஆழத்தைக் கூட்டினால் பரப்பு மாறாமலேயே குறைகிறது. இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எத்தனை சதுர அடி என்ற கேள்வியோடு கூண்டு வாங்கப் போவது பாதி வழியில் நின்றுவிடுவது போலத்தான் தெரிகிறது. அந்தப் பிராணி இயற்கையில் எதை வீடு என்று வைத்திருந்ததோ அது என்னென்ன வேலை செய்தது, அவற்றில் எத்தனையை இந்தக் கூண்டு செய்யும் என்பதுதான் கேட்க வேண்டியது.

அப்படியென்றால் தோண்ட மண் கொடுத்தால் போதுமா? இதற்கு வந்த பதில் எதிர்பாராதது. இந்தத் துறையில் நடந்த சோதனைகளில் மிகவும் புத்திசாலித்தனமானது அது என்பது என் எண்ணம். மங்கோலியாவின் வறண்ட புல்வெளியைச் சேர்ந்த ஜெர்பில் என்னும் எலி இனத்துக்குக் கூண்டில் ஒரு விசித்திரப் பழக்கம் வரும். மூலையில் போய் நின்று, ஒன்றும் இல்லாத தரையை முன்கால்களால் விறுவிறுவென்று சுரண்டிக்கொண்டே இருக்கும். தோண்டுவது இதன் இயல்பு, தோண்ட வழியில்லாததால் சுரண்டுகிறது என்று எல்லாரும் நினைத்தார்கள். சூரிக்கில் கிறிஸ்தோப் வீடன்மையர் இதைப் பிரித்துப் பார்த்து 1997-ல் முடிவை வெளியிட்டார். ஒரு தொகுதி ஜெர்பில் குட்டிகளுக்கு வேண்டிய மட்டும் உலர்ந்த மணல் கொடுத்தார். தோண்டலாம், ஆனால் காய்ந்த மணல் சரிந்து சரிந்து விழும், வளை நிற்காது. இன்னொரு தொகுதிக்குத் தோண்ட எதுவுமே இல்லை. அதற்குப் பதில் ஆயத்தமாகச் செய்த செயற்கை வளை, அதாவது குழாய் வழியாகப் போய்ச் சேரும் இருட்டறை. மணல் கிடைத்த குட்டிகள் வளர்ந்ததும் அதே ஓயாத சுரண்டலுக்கு ஆளாயின. வளை கிடைத்தவை ஆகவில்லை. தோண்டுவது அந்தப் பிராணிக்கு வழிதான், போய்ச் சேர வேண்டிய இடம் வளை; சேர்ந்ததும் தோண்டல் நின்றுவிடுகிறது, சேர முடியாவிட்டால் நிறுத்தத் தெரியவில்லை. பின்னால் 2004-ல் வைப்லிங்கரும் கோனிக்கும் ஆய்வகக் கூண்டுகளுக்கு ஏற்ற வடிவத்தைத் தேடியபோது இன்னொரு நுணுக்கமும் தெரிந்தது: வெறும் இருட்டுப் பெட்டி போதவில்லை, அதற்குள் போக ஒரு குழாய்ப் பாதையும் சேர்ந்திருந்தால்தான் சுரண்டல் குறைந்தது. வாசல் என்றால் குறுகலாக, சற்று நீளமாக இருக்க வேண்டும் என்ற திட்டம் அந்தச் சிறு மூளைக்குள் இருக்கிறது. கூண்டுக்குள் வைக்கிற, முன்பக்கம் அகலமாகத் திறந்த பிளாஸ்டிக் குடில்கள் ஏன் பல பிராணிகளிடம் செல்லுபடியாவதில்லை என்பதற்கு இதில் ஒரு துப்பு இருக்கிறது.

வளை செய்யும் வேலைகளைத் தெரிந்துகொள்ள காட்டு ஹாம்ஸ்டரிடம் போக வேண்டும். நாம் வளர்க்கும் பொன்னிற ஹாம்ஸ்டரின் சொந்த ஊர் சிரியாவின் அலெப்போவைச் சுற்றிய வயல்வெளியும் அதையொட்டிய தென் துருக்கியும். ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோல்ஃப் கட்டர்மன் குழு அங்கே போய் வளைகளை அளந்து 2001-ல் எழுதியது. ஆழம் 36 முதல் 106 சென்டிமீட்டர், சராசரி 65. அமைப்பு எளிமையானது: நேராக இறங்கும் ஒரு துளை, அதன் அடியில் தூங்கும் அறை, தானியம் சேர்க்க இன்னொரு அறையாவது. ஒரு வளையில் வளர்ந்த ஹாம்ஸ்டர் ஒன்றுக்கு மேல் இல்லை. இந்த எண்களை மண்ணின் வெப்ப இயற்பியலோடு சேர்த்துப் பார்த்தால் சுவையாக ஒன்று தெரிகிறது. பெரும்பாலான மண்ணில், பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வெப்ப ஏற்ற இறக்கம் ஒவ்வொரு 10 முதல் 15 சென்டிமீட்டர் இறங்கும்போதும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். அப்படியானால் அளந்தவற்றிலேயே ஆழம் குறைந்த 36 சென்டிமீட்டர் வளையில்கூட, மேலே உள்ள ஏற்ற இறக்கத்தில் பத்தில் ஒரு பங்குகூட எட்டாது. 65 சென்டிமீட்டரில் பகலும் இரவும் ஒன்றுதான். நூறு, நூற்றைம்பது கிராம் உடம்புக்கு இது ஆடம்பரம் அல்ல. உடல் சிறுக்கச் சிறுக்க, எடைக்கு ஈடாகத் தோலின் பரப்பு கூடும். வெப்பமும் ஈரமும் சீக்கிரம் வந்து போகும். ஆகவே அந்தத் துளை ஒரே சமயத்தில் இருட்டறை, பருந்துக்கும் நரிக்கும் எட்டாத அரண், களஞ்சியம், குளிர்சாதனம். இதில் முதல் மூன்றையும் ஆழமான சீவல் தருகிறது. நான்காவதைத் தருவதில்லை, இதற்குப் பிறகு வருகிறேன்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். அது காட்டு ஹாம்ஸ்டர். நம் வீட்டில் இருப்பது பல தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்தது, வளையைக் கண்ணால் பார்த்ததில்லை, இல்லாததற்கு ஏங்குமா? முதலில் அந்தத் தலைமுறைகளின் கணக்கைப் பார்ப்போம். எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் காலா-அசார் நோயை ஆராய்ந்துகொண்டிருந்த சால் ஆட்லருக்கு ஆய்வுக்கு ஹாம்ஸ்டர் தேவைப்பட்டது. விலங்கியலாளர் இஸ்ரேல் அகரோனி 1930-ல் அலெப்போ அருகே ஒரு வயலைத் தோண்டி, தாயையும் 11 குட்டிகளையும் எடுத்தார். பல்கலைக்கழகத்தில் அவற்றை வைத்தது அடிப்பாகம் மரத்தாலான கூண்டில். மறுநாள் பார்த்தால் மரத்தைக் கொறித்துத் துளைத்து ஐந்து ஓடிவிட்டிருந்தன. மீந்தவற்றிலிருந்து பெருகிய சந்ததிதான் இன்று உலகெங்கும் வளரும் ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலம். ஒரு நூற்றாண்டுகூட ஆகாத வரலாறு இது. அதைவிட வலுவான சான்று எலியிடம் இருக்கிறது. ஆய்வகத்து வெள்ளை எலி ஹாம்ஸ்டரைவிடப் பல பத்தாண்டுகள் முந்தியே கூண்டுக்குள் வந்தது. 1977-ல் ராபர்ட் பாய்ஸ் அவற்றை வெளியில் மண்ணில் விட்டபோது, காட்டு எலி தோண்டுகிற மாதிரியான வளைகளையே அவையும் தோண்டின. ஆக்ஸ்ஃபோர்டின் மானுவல் பெர்டாய் ஆய்வக எலிகளைத் திறந்தவெளித் தொழுவத்தில் விட்டு 2002-ல் ஒரு படமே எடுத்தார். புல்லையும் மழையையும் முதல்முறை பார்த்த அவை வளை தோண்டி, பாதை போட்டு, கூட்டமாகக் குடித்தனம் நடத்தின. வளர்ப்பு, பிராணியின் பயத்தைக் குறைக்கும், நிறத்தை மாற்றும். வீட்டைப் பற்றிய அறிவை அவ்வளவு சுலபமாக அழிப்பதில்லை.

சாப்பிடுகிறது, குட்டி போடுகிறது, இரண்டு வருஷம் உயிரோடும் இருந்தது, பிறகென்ன குறை என்பது அடுத்த மறுப்பு. பிழைத்திருப்பது கூண்டு கொல்லவில்லை என்பதை மட்டும் நிரூபிக்கும். நன்றாக இருக்கிறதா என்று கேட்க, விலங்கு நல ஆய்வாளர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள்: பிராணி ஒன்றை அடைய எவ்வளவு உழைக்கத் தயாராக இருக்கிறது என்று பார்ப்பது. இங்கிலாந்தில் 1990-களில் மான்சரும் டொனால்டு புரூமும் எலிகளிடம் தரையைப் பற்றி இப்படிக் கேட்டார்கள். ஒரு பக்கம் கம்பி வலைத் தரை, மறுபக்கம் சமதரை, நடுவே எடை கூட்டக்கூடிய தூக்குக் கதவு. நடமாடும் நேரத்தில் எலிகள் வலைமேலும் திரிந்தன. ஓய்வெடுக்க வேண்டும் என்றதும் கனமான கதவை நெம்பித் தூக்கிச் சமதரைக்குப் போய்த்தான் படுத்தன. நம் ஊர்க் கடைகளில் முயலுக்கும் கினிப்பன்றிக்கும் இன்றும் அதிகம் விற்கும் கூண்டு, புழுக்கை கீழே விழுந்துவிடும் என்பதற்காகக் கம்பி வலையால் அடித்தளம் போட்டது. சுத்தம் செய்பவருக்கு அது வசதி. உள்ளே இருப்பதோ இருபத்து நான்கு மணி நேரமும் கம்பிமேல் நிற்க வேண்டும், படுக்க வேண்டும். பாதத்தில் புண் வந்து, அது சீழ் பிடிப்பது இந்தப் பிராணிகளில் கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் நோய். கூண்டை விலக்கு, அல்லது அடியில் ஒரு பலகையையாவது போட்டு மேலே வைக்கோல் பரப்பு என்றால், நாற்றம் வரும் என்கிறார்கள். வரும்தான். நனைந்த வைக்கோலைத் தினம் எடுத்துப் போடுவதும் பிராணி வளர்ப்பதில் சேர்த்திதானே.

ஹாம்ஸ்டர் பேச்சை இங்கே சற்று நிறுத்த வேண்டும். சிறு பாலூட்டி என்று கடையில் ஒரே அலமாரியில் அடுக்கினாலும், வீடு என்ற வகையில் இவற்றுக்குள் ஒற்றுமை கிடையாது. கினிப்பன்றி தோண்டாது. அதன் மூதாதையர் ஆண்டிஸ் மலையின் புல்வெளியில், உயர்ந்த புல்லுக்கு அடியில் பாதை போட்டு ஓடியவை. பெருவிலும் பொலிவியாவிலும் இறைச்சிக்காக ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அவற்றை வளர்ப்பவர்கள் சமையலறைத் தரையில் அவிழ்த்தே விட்டிருந்தார்கள். அதற்கு வேண்டியது நீண்ட தரை, ஒளிந்துகொள்ள மறைவு. மாடி மாடியாக ஏணி வைத்த கூண்டு அதற்குப் பயனில்லை. சக்கரம் அதன் முதுகெலும்புக்குக் கெடுதல். அதே ஆண்டிஸின் பாறைச் சரிவிலிருந்து வந்த சின்சில்லா துள்ளும் பிராணி, அதற்கு உயரம் வேண்டும், திட்டுத் திட்டாகப் படிகள் வேண்டும். முயல் வளையும் தோண்டும், பாய்ந்து ஓடவும் செய்யும். பிரிட்டனின் முயல் நல அமைப்பு ஜோடி முயலுக்குச் சொல்லும் குறைந்தபட்ச இடம் மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம். வெப்பத்தில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. கூடில்லாமல் தனியாக இருக்கும் சுண்டெலிக்கு உடம்பு வசதியாக இருப்பது ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸில். ஆய்வகங்கள் வழக்கமாக வைக்கும் 20 முதல் 24 டிகிரியில் அது குளிரில்தான் இருக்கிறது, கூடு கட்டத் தாளோ பஞ்சோ கொடுத்தால் உடனே கட்டிச் சமாளிக்கிறது. ஒரே மயிர்த்துளையிலிருந்து ஐம்பதுக்கு மேல் மெல்லிய முடி வளரும் சின்சில்லாவுக்கு அதே 30 டிகிரி உயிருக்கு ஆபத்து. ஆகவே எல்லாச் சிறு பிராணிக்கும் ஏற்றது என்று அட்டையில் அச்சிட்ட கூண்டு, எதற்கும் ஏற்றதாக இருக்க வாய்ப்பில்லை.

வெப்பம் என்றதும் தமிழ்நாட்டு வாசகர் ஒரு கேள்வி வைத்திருப்பார். மே மாதத்தில் 40 டிகிரி தொடும் ஊரில், ஹாம்ஸ்டரை ஒரு முழ ஆழச் சீவலுக்குள் விட்டால் வெந்துபோகாதா, காற்றோட்டமான கம்பிக்கூண்டுதானே நமக்குப் பொருத்தம்? இதுவரை வந்த மறுப்புகளில் நான் அதிகம் மதிப்பது இதையே. மண் வளை குளிர்ந்திருப்பதற்குக் காரணம் அதன் அடியிலும் பக்கத்திலும் இருக்கும் பூமியின் பெருந்திரள். மேசைமேல் இருக்கும் பெட்டிச் சீவலுக்கு அந்தத் துணை இல்லை, அறை என்ன வெப்பமோ சில மணி நேரத்தில் அதுவே சீவலுக்குள்ளும். அமெரிக்க தேசிய ஆய்வுக் கழகத்தின் 2011-ஆம் ஆண்டுக் கையேடு ஹாம்ஸ்டர், ஜெர்பில், கினிப்பன்றிக்கு 20 முதல் 26 டிகிரியும், முயலுக்கு 16 முதல் 22-ம் சொல்கிறது. நம் கோடையில் இதைக் கூண்டு தராது, அறைதான் தர வேண்டும். வடக்கு அல்லது கிழக்குப் பக்கத்துக் கீழ்த்தள அறை, தரையோடு ஒட்டிய இடம், வெயில் படாத சுவர். இதுவும் முடியாத மொட்டைமாடி வீட்டில் ஏ.சி. இல்லாமல் சின்சில்லாவோ முயலோ வாங்காமல் இருப்பதுதான் முடிவு. கவிழ்த்து வைத்த மண்சட்டி நல்ல தூங்கும் அறை, மேலே ஈரத் துணி போட்டால் மதுரை, திருச்சி போன்ற வறண்ட ஊர்களில் சில டிகிரி குறையவும் செய்யும். காற்றே ஈரமாக இருக்கும் சென்னையில் அந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. ஆனால் இதிலிருந்து கம்பிக்கூண்டுதான் வழி என்று வராது. சீவலை ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் இரண்டு விரற்கடையாகவும் சரிவாகப் போட்டு, அங்கே ஒரு கடப்பைக் கல்லை வைத்தால், புழுக்கமாக இருக்கும்போது பிராணி மேலே வந்து கல்மேல் வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொள்ளும். எப்போது எங்கே இருப்பது என்று அதுவே முடிவெடுக்க முடிகிறது. கண்ணாடித் தொட்டி என்றால் மட்டும் ஒரு எச்சரிக்கை: ஜன்னல் வெயில் அரை மணி நேரம் பட்டாலும் அது அடுப்பு.

செலவு அதிகம் என்பதை நான் ஒப்புவதில்லை. விலை உயர்ந்தவை எனக் காட்சிக்கு வைத்திருக்கும் கோட்டை போன்ற வண்ணக் கூண்டுகள், உள்ளங்கை அகல அடித்தட்டும் நாலைந்து பிளாஸ்டிக் குழாய்களுமாக, ஹாம்ஸ்டருக்குக் கிடைக்கக்கூடியவற்றில் மோசமானவை; வியர்த்துப்போன குழாயில் காற்றும் போகாது. ஜெர்மனியின் விலங்கு நலக் கால்நடை மருத்துவர் சங்கம் ஹாம்ஸ்டருக்குச் சொல்லும் குறைந்தபட்சம் 100க்கு 50 சென்டிமீட்டர் தரை, 50 உயரம். தச்சரிடம் சொல்லிச் செய்யும் பலகைப் பெட்டியோ, வீட்டுச் சாமான் போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் மூடியை அறுத்து வலை பொருத்தியதோ இதற்கு ஈடுகொடுக்கும். சீவலைப் பொறுத்தவரை இரண்டு விஷயம் முக்கியம். மரப்பட்டறைத் தூள் வேண்டாம், மூச்சுக்குழாயை அடைக்கும், பிளைவுட் பசையும் கலந்திருக்கும். வாசனை வீசும் தேவதாரு வகைச் சீவலும் வேண்டாம். அது எலிகளின் கல்லீரல் நொதிகளையே மாற்றுகிறது என்று எலியட் வெசல் 1967-லேயே காட்டிவிட்டார். வாசனையற்ற சீவலோடு வைக்கோலும் கிழித்த தாளும் கலந்து அழுத்தினால் வளை சரியாமல் நிற்கும். சரிந்து விழும் பொருளைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை ஜெர்பில்கள் காட்டியிருக்கின்றன. சக்கரத்தைச் சிலர் பைத்தியத்தின் அடையாளம் என்று ஒதுக்குகிறார்கள். நெதர்லாந்தின் லைடனில் யோஹானா மைய்யர் வெட்டவெளியில் சக்கரம் வைத்துப் பார்த்ததில், யாரும் அடைத்து வைக்காத காட்டுச் சுண்டெலிகள் தாமாக வந்து ஏறி ஓடின, 2014-ல் வெளிவந்த ஆய்வு அது. ஓடட்டும், ஆனால் முதுகு வளையாத அளவுக்குச் சக்கரம் பெரிதாக இருக்க வேண்டும். 23 சென்டிமீட்டர் விட்டத்தையும் 35 சென்டிமீட்டர் விட்டத்தையும் பக்கத்தில் வைத்தபோது ஹாம்ஸ்டர்கள் பெரியதையே விரும்பின. கூண்டோடு இலவசமாக வருவது பெரும்பாலும் இதில் சின்னதில் பாதிதான்.

கடைசியாக மனம் திறந்து சொல்லப்படும் ஒரு மறுப்பு உண்டு. அவ்வளவு ஆழத்தில் விட்டால் பிராணி கண்ணிலேயே படாதே, பிறகு எதற்கு வளர்ப்பது? குழந்தைக்கு வாங்கித் தருபவரின் இந்தக் கவலை போலியானதல்ல, அதற்கு என்னிடம் ஆறுதலான பதிலும் இல்லை. காட்டிலேயே நாளின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழிக்கும் பிராணி அது. கம்பிக்கூண்டில் அது கண்ணில் படுவது ஒளிய இடமில்லாததால். ராத்திரி முழுக்கக் கம்பியைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கக் கிடைத்த காட்சி என்று எண்ண என்னால் முடியவில்லை. பகலில் பார்க்க, கையில் தீனி கொடுக்க, கூப்பிட்டால் கத்திப் பதில் சொல்ல ஒரு பிராணி வேண்டும் என்றால், அறை குளிர்ந்ததாக இருக்கும் வீட்டில் கினிப்பன்றி அதற்குத் தோதானது. பாதுகாப்பான அறைமூலையில் நீண்ட தரையை மறித்துக்கொடுத்தால் நாள் முழுக்கக் கண்முன்னால் உலாவும். ஆனால் ஹாம்ஸ்டர் வீட்டில் இரண்டாவது ஆள் எதிரி என்றால், கினிப்பன்றி வீட்டில் இரண்டாவது ஆள் இல்லாதது குறை. துணையும் அதன் வீட்டில் ஒரு பகுதிதான். சுவிட்சர்லாந்து 2008-ல் கொண்டுவந்த விலங்குப் பாதுகாப்பு விதிகளில் கினிப்பன்றியை ஒற்றையாக வளர்ப்பதையே தடை செய்துவிட்டது. ஜோடியில் ஒன்று செத்துப்போனால் புதிதாக ஒன்று வாங்க வேண்டும், வயதான மற்றது செத்தால் மறுபடி ஒன்று என்று முடிவில்லாமல் போகும் என்பதால், மீந்த கிழட்டுக் கினிப்பன்றிக்குத் துணையாக இன்னொன்றை வாடகைக்குத் தரும் ஆட்களும் அங்கே வந்துவிட்டார்கள்.